இழுப்பறையில் ஓர் அறிக்கை

கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை சரியாகப் புரியாது. தூத்துக்குடி நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம், துறைமுகத்தில் அடிபட்டவர்களுக்காக வழக்காடியவன் நான். வீரர்களின் ஒப்பந்தங்களை எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்ட அணி, மூன்றே வருஷத்தில் என்னைத் தலைமை நிர்வாகி ஆக்கியது.

செபாஸ்டின் புன்னைக்காயல்காரன். இருபத்தாறு வயது. எங்களுக்கு அதிக கோல் போட்டவன். பிப்ரவரியில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. அறிக்கைகள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அவனுடையதில், இதயத் தசை தடித்திருக்கிறது, இனி ஆடவே கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அரையிறுதிக்கு நான்கு நாள் இருந்தது. தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி முப்பது குடும்பங்கள். ஆட்டம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அறிக்கையை இழுப்பறையில் வைத்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவனே வந்து கேட்டான். "ரிப்போர்ட்டு என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"ஒனக்கென்னலே, கல்லு மாதிரி இருக்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

அரையிறுதியன்று, இடைவேளையில் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். "மூச்சு எடுக்க முடியல அண்ணாச்சி." பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார். வெயில்தான், தண்ணீர் கொடுங்கள் என்றேன். எழுபத்தோராவது நிமிடத்தில், பந்து எங்கோ இருந்தபோது, முகம் குப்புற விழுந்தான். ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது. ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் அவன் மனைவி ஈவாஞ்சலினைப் பார்க்கப் போனேன். நோயை அவன் அணியிடம் மறைத்துவிட்டான் என்று, அவள் சொல்வதாக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்திருந்தேன். இறந்தவனுக்கு இனி அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இங்கிலீஷில் எழுதினால் அவளுக்குப் புரியாது என்று தமிழிலேயே எழுதினேன். ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

அவள் நிதானமாகப் படித்தாள். நோயின் பெயரில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டே இன்னும் வரல. இப்படி ஒரு நோவு இருந்தது கட்டினவ எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

பேனாவை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை.

அதனால்தான் வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர். அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவனை ஆடவிட்டேன். அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன்.