நான்காவது வரி

கையேடுகளை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பவர்கள் குறைவு, மேடம். நான் வாசிப்பேன்.

என் கணவர் கனகராஜுக்கு எழுத்துகள் கண்முன் நிற்காமல் நகருமாம். ஆனால் கை கெட்டிக்காரக் கை. வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டாத ஞாயிறுகளில் வீட்டில் பழுதானதைப் பிரிப்பார். கைப்பேசியில் கையேட்டைத் தேடியெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். ஒரு வரி முடிந்ததும் “அடுத்தது?” என்பார். பதினாறு வருடம் எங்கள் மின்விசிறிகள் அப்படித்தான் ஓடின.

“இவ என் ரேடியோ லா,” என்பார் பக்கத்து வீட்டு ரூபினியிடம். “வேலைக்கு அனுப்பிட்டா எனக்கு யாரு வாசிப்பா?” எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

மார்ச்சில் ஒரு பாலர் பள்ளி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பதில் வரவில்லை. மைக்ரோவேவ் அடுப்பு சூடாகாமல் போன சனிக்கிழமை, துடைப்பதற்காக அதை நகர்த்தினேன். ஆட்டம் நிற்க அதன் ஒரு காலுக்கடியில் மடித்த தாள் இருந்தது. என்னை நேர்முகத்துக்கு அழைத்த கடிதம். தேதி கடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

“அதுவா? சும்மா பேப்பர்னு நெனச்சேன் லா,” என்றார்.

இருக்கலாம். ஆனால் என் பெயரை மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியும். கல்யாணமான வருடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நான் கோபப்படவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அடுப்பைப் பிரித்தோம். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன், திருகுகளைக் கழற்றச் சொன்னேன், மூடியைத் தூக்கச் சொன்னேன்.

“என்னா இழுக்கற பிரேமா, சுருக்கமா சொல்லு. அடுத்தது?”

ஐந்தாவது வரியை வாசித்தேன். அவர் கையை உள்ளே விட்டார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

சுருக்கச் சொன்னவர் அவர்தான். வாசிக்கும்போது கண் ஒரு வரி தாவுவது யாருக்கும் நடப்பது. விபத்துச் சாவு என்று எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதமாயிற்று. சமையலறைக்குள் போனால் “அடுத்தது?” என்கிறார். பொறுமையாகத்தான் கேட்கிறார். அதனால்தான் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

கைப்பேசியை உங்கள் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். பரவாயில்லை. அந்த நான்காவது வரியைப் பார்க்காமலே சொல்வேன்: ‘பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும், பயிற்சி இல்லாதவர் எதையும் தொடக் கூடாது.’

சனிக்கிழமை சாயங்காலமே அதை மனப்பாடம் செய்துவிட்டேன், மேடம். வாய்தவறி வாசித்துவிடக் கூடாதே என்று.