நாங்க கீழயே போயிக்கிறோம்

இல்ல சார், டீ வேணாம். நீங்க குடிங்க. தண்ணி எறைக்கிற மோட்டார் எப்ப வரும்னு தெரிஞ்சா போதும்... நாளைக்கா? நாளைக்குன்னா எப்படி சார்?

நான் இவ்ளோ பேசுறவளே இல்ல. காலேஜ்ல வைவாவுலயே வாய் தொறக்கலன்னு மார்க் கொறச்சாங்க. வூட்ல எல்லாரும், நீதான படிச்சவ, நீயே போய் இஞ்சினியர்கிட்ட பேசுன்னு அனுப்பி வுட்டுட்டாங்க.

பாருங்க, பெரிய ரோட்டுக்கு அடியில தோண்டுன இத நீங்க சப்வேன்றீங்க. எங்க மணிவண்ணன் மாமா காலையில எட்டிப் பாத்துட்டு, இது சப்வே இல்லடி, உப்புப் பாத்தி, நல்லா வெயில் அடிச்சா வாரி மூட்டை கட்டலாம்னாரு. சிரிங்க சார், பரவால்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சு. மழை வுட்டும் தண்ணி எறங்கல பாருங்க. எறைக்க எறைக்க ஊறுது. மரக்காணத்துல முழங்கை ஆழம் தோண்டுனா கடல் எட்டிப் பாக்கும். ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல. கொற சொல்லவும் வரல.

அன்னிக்கு ஸ்கூல்ல கூட்டம் போட்டீங்களே, நானும் பின்னால பொம்பளைங்களோட நின்னுனு இருந்தேன். நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. பெரிய ரோட்ட தூக்குனா ரெண்டு பக்கமும் ரொம்ப தூரத்துக்கு சரிவு வேணும், அவ்ளோ மண்ணு கொட்டுனா இந்த சேத்து நெலம் தாங்காது, அமுங்கும்னீங்க. வண்டி அதிகமா போற ரோடு நேரா போவும், கொஞ்சமா போறவங்கதான் ஏறணும், இல்லாட்டி எறங்கணும்னீங்க. எங்க ஊரு ரோட்ல எவ்ளோ வண்டி போவுதுன்னு குடையப் புடிச்சினு ஒரு பையன் ஒக்காந்து எண்ணுனானே. நாங்க கணக்குல வந்ததே அன்னிக்குத்தான்.

அப்புறம் கேட்டீங்க, ஒங்களுக்கு மேலயா கீழயான்னு. ஒருத்தர் எழுந்து, பச்ச துண்டு போட்டவரு, நாங்க கீழயே போயிக்கிறோம் சார்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்களும் தேங்க்ஸ் சொன்னீங்க. ஞாபகம் இருக்குதா?

அவரு சொன்ன கீழ வேற சார். எப்பவும் நடக்குற மாதிரி தரையிலயே நடந்துக்கிறோம், ஒங்க ரோடு எங்க தலைக்கு மேல போவட்டும், அதான் அவரு சொன்னது. தோண்டி எறக்குங்கன்னு அவரு சொல்லல. நீங்க கேட்ட கீழ வேற, அவரு சொன்ன கீழ வேற. ஜேசிபி வந்து குழி போடறப்பதான் எங்களுக்கே புரிஞ்சுது. அதுலேர்ந்து ஊரே அவர புடிச்சிக்கிச்சு. சப்வேல தண்ணி நின்னா போதும், ஏம்பா அரசப்பா, கீழ போலாமான்னு கேப்பாங்க. அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுனு போயிடுவாரு.

ஆமா சார். எங்க அப்பாதான்.

மேல ஏறி தாண்டலாம்னா நடுவுல தகர தடுப்பு. ஆளுன்னா தாண்டிடலாம். வேன் வெச்சு அனுமந்தை பக்கம் சுத்தினு வான்றீங்க, சரி. அந்தாண்ட எறங்க சர்வீஸ் ரோடு எங்க சார் போட்டீங்க? பெரிய ரோட்லேர்ந்து பாத்தி வரப்புல வேன் குதிக்குமா? ரோட்டத் தாண்டி அந்தாண்ட எங்களுக்கு என்ன இருக்குது, உப்பும் சுடுகாடும்தான்.

அப்பாவையே நேர்ல வந்து சொல்லச் சொல்லணுமா... வருவாரு சார். சாயங்காலம் இந்த வழியாத்தான் வருவாரு. அதான் நான் முன்னாடியே வந்தேன்.

துக்கத்துக்கு வர்றவங்கல்லாம் அப்பா மேல போயிட்டாருன்றாங்க. எங்க போனாரு? ஐஸ் பெட்டியில படுத்துனு இருக்காரு. கரண்ட் வேற வந்து வந்து போவுது.

அய்யோ, நீங்க எதுக்கு சார் எழுந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க, டீ ஆறிப் போவுது. மோட்டார் நாளைக்கே வரட்டும். நடுவுல தண்ணி இடுப்பளவா, நெஞ்சளவா, அத மட்டும் சொல்லுங்க. தூக்குற ஆளுங்ககிட்ட சொல்லணும்.