கோழி மணி அடிக்கும் வரை

காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், சார்ஜன்ட். எங்கள் ஊர்க் கை அப்படி. பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள், வேறு கலந்து தருகிறேன்.

அலமாரி மேல் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் கோழியைத்தானே பார்க்கிறீர்கள்? முட்டை வேகவைக்கும்போது நேரம் வைக்க என் மனைவி மேரிவிக் வாங்கியது. கழுத்தைத் திருகினால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் கிணுகிணுக்கும். இந்த வீட்டில் அதை வைத்து யாரும் முட்டை வேகவைத்ததில்லை. எட்டு நிமிடத்துக்குத் திருகி வைத்து நானும் கிறிஸ்பினும் தேர்வுக்குப் பழகினோம்.

நீங்கள் அன்பாகத்தான் வந்தீர்கள். வழக்கை மூடப்போகிறோம் என்று நேரில் சொல்ல வந்தீர்கள். "அவர் நடிக்கிறாருன்னு நெனச்சிட்டீங்க. நெலமை எவ்வளவு மோசம்னு உங்களால கண்டுபிடிக்க முடியல. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், மனசுல வச்சுக்காதீங்க" என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நடு வாக்கியம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

எங்கள் நாட்டில், பனாய் தீவில் ஒரு அரசு மருத்துவமனைக்கு நான் தலைமை மருத்துவனாக இருந்தவன். புயலில் பாலம் போய், மின்சாரமும் போய், டார்ச் வெளிச்சத்தில் வயிறு கிழித்துக் குழந்தை எடுத்திருக்கிறேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கடல் கடந்து இங்கே பிளாக்டவுனுக்கு வந்தபின் முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்குக் காலுறை மாட்டிவிட்டேன். டாக்டர் என்று பெயர் போட்டுக்கொள்ள இந்த நாட்டுத் தேர்வு எழுத வேண்டும். எழுதினேன். தாளில் எழுதும் பகுதி ஒன்றும் பெரிய காரியமில்லை, முதல் தடவையே முடிந்தது. நோயாளியைப் பார்க்கும் பகுதிதான் என்னைத் தின்றது.

வரிசையாக அறைகள் இருக்கும். கதவில் ஒரு குறிப்பு தொங்கும். உள்ளே கூலிக்கு வந்த நடிகர் ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார், மூலையில் தேர்வாளர். எட்டு நிமிடத்தில் விசாரித்து, நோயைப் பிடித்து, என்ன செய்வோம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் போதும், சார்ஜன்ட். அங்கே யாரும் எதையும் செய்வதில்லை. "உங்களுக்கு ஊசி போடுவேன்" என்றால் ஊசிக்கு மதிப்பெண். "ஆம்புலன்சைக் கூப்பிடுவேன்" என்றால் ஆம்புலன்சுக்கு மதிப்பெண். மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவு.

மூன்று முறை தோற்றேன். ஒவ்வொரு முறையும் என்னைப் பற்றி வந்த குறிப்பு ஒன்றேதான். நோயின் தீவிரத்தை உணரத் தவறினார். நானா? சம்பளத்துக்கு முனகுகிற ஒரு நாடகக்காரனின் தீவிரத்தை நான் உணரவில்லையாம்.

கிறிஸ்பின் வால்டெஹுவேசா என் பையன். சொந்தப் பிள்ளை இல்லை, என் மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்தவன். முதல் தையல் போடும்போது அவன் கையைப் பிடித்துப் போடவைத்தவன் நான். "நோங்" என்றுதான் என்னைக் கூப்பிடுவான். எங்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். இங்கே அவன் ஆஸ்பத்திரித் தரை துடைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மதியங்களில் என் கார் ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாறி மாறி நோயாளியும் டாக்டருமாவோம். சட்டம் எல்லாம் என்னுடையது. செல்போன்கள் சமையலறையில் அரிசிப் பானைக்குள் போய்விடும். மணி அடிக்கும்வரை வேஷம் கலையக்கூடாது. பேச்சு ஆங்கிலத்தில் மட்டும். ஊர்ப்பேச்சு வாயில் வந்துவிட்டால் நாடகம் நின்றது, இது நிஜம் என்று பொருள். ஒரு தடவை பக்கவாத நோயாளியாகக் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், "ஐயோ நோங், கால் நெசமாவே பிடிச்சுக்கிச்சு" என்று எங்கள் பேச்சில் கத்தினான். நான் மணியை நிறுத்திவிட்டுக் காலை நீவிவிட்டேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்த மூன்றாம் முறை இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அவன் தேறிவிட்டான். நான் தோற்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். வராமல் இருந்திருக்கலாம். அவன் மனைவி லீஸல் கொடுத்தனுப்பிய சேமியாப் பொரியல் கையில். "இனிமே நான் நோயாளி மட்டும்தான் நோங். நீங்க டாக்டர். நீங்க தேறுற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றான். சாப்பிட்டோம். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"கோவிச்சுக்காதீங்க நோங், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"நீங்க நோயாளி பேசறதக் கேக்கறதே இல்ல. அந்தக் கோழியத்தான் பாக்கறீங்க. எப்படா கூவும்னு."

"ஓ. இப்ப நீ எனக்குப் பாடம் நடத்தறியா?"

"பாடமெல்லாம் இல்ல. ஒரு வார்த்தை. இந்தத் தடவையும் வரலேன்னா விட்டுடுங்களேன். அந்த இல்லத்துல கெழவிங்க எல்லாம் உங்க மேல உசுரா இருக்காங்களாமே. மேரிவிக் அக்கா சொன்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் அதிகம் எரிந்தது. என் வீட்டில் உட்கார்ந்து, என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, காலுறை மாட்டுவதே எனக்கு அழகு என்று நான் வளர்த்த பையன் எனக்கு வழி சொல்கிறான். நான் சிரித்தபடியே எழுந்து கோழியைத் திருகினேன்.

அன்று அவனுக்குக் கொடுத்த வேஷம் கால் கட்டைவிரல் வீங்கிய ஒரு லாரி ஓட்டுநர். இதை நினைவில் வையுங்கள். கால் விரல்.

நான் கையைக் கழுவுவது போலக் காட்டி, என் பெயரைச் சொல்லி உட்கார்ந்தேன். அவன் விரல் வலியைப் பற்றிப் புலம்பத் தொடங்கி, பாதியில் நின்றான். கை நெஞ்சுக்குப் போனது. முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மேலுதட்டில் வேர்வை. எவ்வளவு பெரிய நடிகனாலும் வேர்வையை நடிக்க முடியாது, சார்ஜன்ட். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மாரடைப்பு, இதயத்தின் முன்பக்கம், பெரியது.

"நோங், நிறுத்துங்க. நெஞ்சு அடைக்குது" என்றான். எங்கள் பேச்சில் சொன்னான்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு புரியுது. வலி எங்கயாவது பரவுதா?"

என்னைப் பார்த்தான். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ. "நோங், இது நெசம். போன எடுங்க."

"உங்க குடும்பத்துல யாருக்காவது இதய நோய் இருந்திருக்கா?"

எழப் பார்த்தான். ஷெட்டுக்குள்ளிருந்து சமையலறைக்கு ஒரு கதவுதான். நோயாளி சிரமப்படக்கூடாது என்று புத்தகம் சொல்கிறது. அவன் தோளில் கை வைத்து மெதுவாக உட்காரவைத்தேன். அதிகம் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். ஆஸ்பிரின் தருவேன் என்றேன். பிராணவாயு, இதயத்தின் மின்படம் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆம்புலன்சை உடனே கூப்பிடுவேன் என்றேன். ஒன்றுகூட விடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்திலும் என் குரல் ஒரே சீராக இருந்தது.

அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அன்று ஒரு தடவைகூடக் கோழியின் பக்கம் நான் திரும்பவில்லை. ஒரு நோயாளியை இவ்வளவு கவனமாகக் கேட்டது என் வாழ்நாளிலேயே அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் "நோங்" என்று மட்டும் சொன்னான். கேள்வி கேட்கிற மாதிரி. பிறகு தலை சாய்ந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது, அதனால் சுருக்கமாக முடிவுரையும் சொல்லி, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். மணி அடித்தது. அதன்பிறகுதான் அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்தேன். அவனைத் தரையில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் நெஞ்சை அழுத்தினேன். வந்தவர்கள், நன்றாகச் செய்தீர்கள் என்று என்னைப் பாராட்டினார்கள்.

அடக்கம் முடிந்து லீஸல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துல தெரியாத மனுஷங்க கையில இல்லாம உங்க பக்கத்துல இருந்தாரே நோங், எனக்கு அதுவே போதும்" என்றாள். இப்போதும் ஞாயிறு தோறும் சேமியாப் பொரியல் அனுப்புகிறாள். நானும் சாப்பிடுகிறேன். திருப்பி அனுப்பினால் அவள் மனம் நோகும்.

அடுத்த தேர்வில் ஒரு அறையில் நெஞ்சு வலிக்காரர் இருந்தார். நடிகர்தான், வேர்வை இல்லை. நான் அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டேன். தேறிவிட்டேன். நோயாளியிடம் மிகுந்த கவனம் என்று குறிப்பு வந்தது. மேரிவிக் அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றாள்.

இப்போது புரிகிறதா, நீங்கள் சொன்னது ஏன் என்னை உறுத்துகிறது என்று? தேர்வாளர்கள் மூன்று முறை எழுதிய அதே வாக்கியத்தை நீங்களும் எழுதி மூடப் பார்க்கிறீர்கள். கண்டுபிடிக்க முடியவில்லையாம். என் மாணவன், நான் கைபிடித்துத் தையல் போடவைத்த பையன், என் முன்னால் மாரடைப்பில் சாகிறான், அது எனக்குத் தெரியவில்லை என்று ஒரு அரசாங்கக் காகிதம் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறது. அதை நான் எப்படித் தாங்குவேன்?

அதனால் மாற்றி எழுதுங்கள். முதல் நிமிடத்திலேயே நோயைக் கண்டுபிடித்தார், தெரிந்தே உதவியைக் கூப்பிடவில்லை, எழுந்தவனை உட்காரவைத்தார், சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை காலை அவசரப் பிரிவில் வேலைக்குச் சேர வேண்டும், வெள்ளைக் கோட்டைக்கூடத் தேய்த்து வைத்தாயிற்று. இதனால் என் உரிமத்துக்கு ஒன்றும் ஆகாதுதானே, சார்ஜன்ட்? நோயை நான் தவறவிடவில்லையே.