வேல்ஸ்காரியின் வேலைக்காரி

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“நான் செத்தால் என்ரை கவிதையெல்லாம் உன்ரை வாயிலைதான் இருக்கும்.”

“உனக்கென்ன விசரே?”

“வேல்ஸ் நாட்டிலை முந்தி ஒருத்தி பாட்டுக் கட்டினவவாம். எழுதி வைக்கேல்லை, வேலைக்காரப் பெட்டைக்குப் பாடிக் காட்டினவ. அவ செத்தாப் பிறகு பெட்டை நினைவிலையிருந்து சொல்லித்தான் புத்தகம் வந்தது.”

“அப்ப நான் உன்ரை வேலைக்காரியோ?”

“நேற்றுச் சொன்ன வரியைச் சொல்லு பாப்பம்.”

மற்றவர் கண்களை மூடிக்கொண்டார்.

“ஸ்நோ வந்து என்ரை பேரை மூடிப்போட்டுது.”

“நான் ‘பனி பெய்து’ எண்டெல்லோ சொன்னனான்.”

“எனக்கு இப்பிடித்தான் வருது.”

ஜன்னலோரம் இருந்தவர் வெளியே பார்த்தபடி அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“உப்பிடியே வைச்சிரு. அந்தப் பெட்டையும் ஒண்டு ரெண்டு மாத்தித்தான் இருப்பாள்.”