பெர்னிஸ் அழாத வீடு

எலிகள் சுத்தமான பிராணிகள், இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க முகம் துடைத்துக்கொண்டே இருக்கும். சுபாங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் அவற்றோடுதான் வேலை பார்க்கிறேன்.

எலியின் கழுத்தில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களைக் கொஞ்சம் நெருக்குவோம். இரத்தம் நின்றுவிடாது, குறையும். எலி சாப்பிடும், தூங்கும். ஆனால் மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் ரசாயனங்கள் வற்றத் தொடங்கும். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் அதில் ஒன்று. நேற்று நீர்த்தொட்டியில் சரியாகப் போய் ஏறிய மேடையை எலி இன்று தேடிச் சுற்றிச் சுற்றி நீந்தும். அந்த மறதி எனக்கு நிம்மதியாகத்தான் தெரிந்தது.

என் மனைவி பெர்னிஸுக்கு நிம்மதி இல்லை. எங்கள் ஒரே மகன் நைஜல், பதினேழு வயது, போன ஜனவரியில் காப்பார் சாலையில் லோரி மோதி இறந்துபோனான். அவன் சட்டைகளை அவள் துவைக்க விடவில்லை. சாப்பிடும்போதும் அழுதாள்.

அவளுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். டாக்டர் சொன்னதைவிடக் கூடுதலாக, அவள் குடிக்கும் மைலோவில் கரைத்துக் கொடுத்தேன். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்து நடந்தாள். நானே கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். கல்யாணமான புதிதில்கூட அவளை அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

ஒருநாள் காய்கறி வாங்கப் போன பாசாரிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். அன்று சாயங்காலம் மேசையில் மூன்று தட்டு வைத்தாள்.

"நைஜல் இன்னும் வரலையா? டியூஷன் முடிஞ்சிருக்குமே."

"வந்துருவான் லா. நீ சாப்பிடு."

சிரித்தாள். சாவு மட்டும் மறந்துபோயிருந்தது, பிள்ளை இருந்தான். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தினமும் சாப்பிடாமல் அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. மாத்திரையை இன்னும் கூட்டினேன்.

அவள் தங்கை கேரன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து நைஜலின் படத்தைக் காட்டினாள்.

"இது யாருன்னு சொல்லுக்கா."

பெர்னிஸ் மரியாதைக்காக ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நல்ல பையனா இருக்கான். உன் மகனா?"

கேரன் அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரத்தப் பரிசோதனையில் எல்லாம் வெளிவந்துவிட்டது. போன நினைவு திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். அவள் வேதனை தீரத்தான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நைஜல் இறந்த அன்று நல்ல மழை. என்னிடம் சிகரெட் தீர்ந்திருந்தது. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் சாவியை நீட்டினேன். "மழையில அவன அனுப்பாதீங்க" என்று பெர்னிஸ் வாசலை மறித்தாள். நான் அவளை விலக்கிவிட்டேன். அடக்கம் முடிந்த பிறகு தினமும் படுக்கையில் கேட்பாள், "ஏங்க அனுப்புனீங்க?" கோபமே இருக்காது, மெதுவாகத்தான் கேட்பாள்.

கடைசி சில மாதங்களாகக் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர். பாவம், அவளும் நன்றாகத் தூங்கினாள்.