பூஜையில் இருந்த புத்தகங்கள்

சின்னக் குழந்தைகளைச் சாலை கடக்க வைப்பது எனக்கு நன்றாக வரும். கல்கத்தாவில், எங்கள் டாலிகஞ்சில் ஆட்டோக்கள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அப்படியும் இரண்டு வருடத்தில் ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் விழவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

தினமும் காலையில் பதினான்கு பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அப்போது ஏழு வயதான என் தங்கை சுபிக்ஷாவும் அதில் ஒருத்தி. அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்து, பெரிய பள்ளிக்கூடம் போய், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் குரல் வராமல் நின்று, ஏழாவதில் நின்றுவிட்டவள் நான். அப்பா துறைமுகத்தில் வேலை. அவர் திட்டவில்லை. வீட்டிலேயே இரு என்றார்.

வாசலில் சுபிக்ஷா என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். சாயங்காலம் வகுப்பில் நடந்ததை நடித்துக் காட்டுவாள். அம்மாவும் அப்பாவும் சிரிப்பார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. நான் நோட்டில் எழுதுவேன்.

2000-ஆம் வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். மாற்றலாகி வரும் குடும்பங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தன. பிப்ரவரியில், இந்த ஊர் சரஸ்வதி பூஜை அன்று, அம்மா பூஜைக்குப் போயிருந்த நேரத்தில் வசந்தி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குக் காலைல ஆபீஸர் தலை எண்ண வர்றார். கடிதாசி இப்பதான் கைக்கு வந்தது. இருபது தலை இல்லேன்னா நம்மளை மூடிட்டு ஜாதவ்பூர் பெங்காலி ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. பக்கத்துல இருக்கற ஒம்பது வீட்டுக்கு நான் சொல்லிட்டேன். மீதியெல்லாம் உன் பிள்ளைங்கதானே, தேவி. நீ சொல்லிடு."

நான் தலையாட்டினேன்.

பிள்ளைகள் எல்லோரும் தெரு முனைப் பந்தலில் சரஸ்வதியின் காலடியில் புத்தகங்களை வைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் அங்கிருந்து எடுக்கும்வரை தொடக் கூடாது. நம் ஊரில் நவராத்திரியில் செய்வதை இங்கே மாசி வாக்கில் இன்னொரு தடவை செய்வோம். இரண்டு ஊர் வழக்கத்தையும் விட எங்கள் அம்மாக்களுக்குப் பயம்.

முதல் வீடு நாகம்மா அக்காவுடையது.

"என்னடி, வாசல்ல வந்து நின்னுட்டு. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? நாளைக்கு ஸ்கூல் உண்டா இல்லையா?"

"புஸ்தகமெல்லாம் இன்னும் பூஜைல இருக்கே, அக்கா."

"அதானே. புஸ்தகம் இல்லாம போய் என்ன கிழிக்கப் போறதுங்க. தூங்கட்டும்."

பொய் சொல்லவில்லை. ஆபீஸர் வருவதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் அவர்கள் கேட்கக்கூட இல்லை. நானே அதே வார்த்தையைச் சொன்னேன். அதிகம் பேசாதவள் சொன்னால் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

மறுநாள் காலை சுபிக்ஷா சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "போலாம்கா" என்றாள். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். பூஜை முடியும்வரை இலந்தைப்பழம் தின்னக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம். முதல் நாளே பூஜை ஆகிவிட்டதால் தின்னலாம் என்றேன். உப்புத் தொட்டு வெயிலில் உட்கார்ந்து தின்றோம். அவள் பேசிய கதையெல்லாம் எனக்கு மட்டும்தான். அந்தக் காலை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆபீஸர் எண்ணியது ஒன்பது தலை.

மத்தியானம் டீச்சர் வந்தார். புடவைத் தலைப்பெல்லாம் சாக்குக்கட்டித் தூள். "எல்லார்கிட்டயும் சொன்னியாடி?" என்றார். தலையாட்டினேன். அவர் நம்பினார். அம்மாக்கள் ஒவ்வொருத்தரும் தாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். "நான்தான் மடச்சி, நல்லா விசாரிச்சிருக்கணும்" என்று நாகம்மா அக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏப்ரலில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். டீச்சர் ஊருக்குப் போய்விட்டார். மற்ற பிள்ளைகள் எங்கெங்கோ சேர்ந்தார்கள். பெண் குழந்தையை ஜாதவ்பூருக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்று அப்பா சொன்னார். அப்பா அப்படித்தான் சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும். டீச்சர் வாசலில் நின்றபோதே தெரியும். அதற்காகத்தான் செய்தேன். சுபிக்ஷா வீட்டில் இருக்க வேண்டும். வேறு காரணம் இல்லை.

அவளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதாக அப்பாவிடம் சொன்னேன். சொல்லிக்கொடுக்கத்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது அவளுக்குப் பதினைந்து. நாள் முழுக்க என்னோடுதான் இருக்கிறாள். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனால் பஸ்ஸின் பலகையைப் பார்த்து, "இது எங்க போகுதுக்கா?" என்று கேட்பாள். நான் படித்துச் சொல்வேன். என் கையை விடுவதில்லை.

முன்பெல்லாம் இந்த நோட்டுகளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். இதை அவள் தலையணைப் பக்கத்திலேயே வைக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்; இரண்டு வரிக்குள் களைத்து மூடிவிடுவாள்.