பெட்ரூமில் வைக்கப்போகும் மூட்டை

"இந்த மூட்டை நம்ம பெட்ரூம்லதான் இருக்கும்" என்றார் துபாயில் ஒரு கடையின் பில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண். தள்ளுவண்டியில், தோட்டத்தில் கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பில் எரிக்க, மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள் ஒரு மூட்டை.

"பெட்ரூம்லயா?" என்றார் கணவர்.

"வெளிய வச்சுத்தானே போன தடவை ஈரக்காத்துல உப்பி மாவாப் போச்சு? அடுப்பு அணைஞ்சு, கோழி வேகாம, உங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிச்சாங்க. இனிமே மூடி போட்ட டப்பா, ஏசி ரூம்."

"ஆப்பிள் மரக் குச்சி வேற எடுத்திருக்க. அதுல புகை வாசமே வராதாம்."

"கோழிக்கு அந்த வாசம் போதும்."

"சனிக்கிழமை விருந்துக்குப் பேசாம ஹோட்டல்ல சொல்லிடலாம்மா. மறுபடியும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அன்னைக்குச் சிரிச்சவங்கள ஒருத்தர் விடாம நானே போன் போட்டுக் கூப்பிட்டுட்டேன்."